பொதுப் பள்ளியில் சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர்கள்: வகுப்பாசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர் ஒருவர் பொதுப் பள்ளியில் சேர்ந்ததும், "இவருக்கு என்ன குறைபாடு?" என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக எழுகிறது. வகுப்பாசிரியருக்கு அதைவிடப் பயன்படும் கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பாடத்தில், இந்த வேலையில், இவரைத் தடுப்பது எது? ஒரே குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற இரு மாணவர்களுக்குத் தேவைப்படும் உதவி முற்றிலும் வேறாக இருக்கலாம். எந்தச் சான்றும் பெறாத மாணவருக்கு இன்றே உதவி தேவைப்படலாம். ஆகவே இந்த வழிகாட்டி நோய்ப் பெயர்களின் வரிசையில் செல்லாமல், ஓர் ஆசிரியர் செய்ய வேண்டிய பணிகளின் வரிசையில் செல்கிறது.

இந்தப் பார்வை புதியதன்று. மேரி வார்னாக் தலைமையில் பிரிட்டனில் அமைந்த குழு 1978இல் அளித்த அறிக்கை, குழந்தைகளை மருத்துவப் பட்டியலின்படி வகைப்படுத்துவதை விட்டு, ஒவ்வொருவரின் கல்வித் தேவை என்ன என்பதை அடிப்படையாகக் கொள்ளச் சொன்னது. 1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் கூடிய 92 நாடுகளின் அரசுகள், எல்லாக் குழந்தைகளும் இயன்றவரை ஒரே பள்ளியில் கற்க வேண்டும் என்ற அறிக்கையை ஏற்றன. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, உள்ளடக்கிய கல்வியைச் சலுகையாக அல்லாமல் உரிமையாகவே வரையறுத்தது. மாணவருக்குச் செய்து தரும் நியாயமான ஏற்பாடு கருணையின் பாற்பட்டதன்று என்பதை நினைவில் கொண்டால், பின்வரும் படிகளில் பல தயக்கங்கள் தாமாகவே விலகும்.

படி 1: முடிவு கட்டாமல் கவனித்து எழுதிவையுங்கள்

கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதாத மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பலகை தெளிவாகத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும், நிமிர்ந்து பார்த்துக் குனிந்து எழுதுவதற்குள் சொற்கள் நினைவிலிருந்து நழுவிவிடலாம். நினைவில் நின்றாலும் விரல்கள் ஒத்துழைக்காமல் இருக்கலாம். வாசிக்கவே தெரியாததால் ஒவ்வொரு எழுத்தையும் படம்போல் வரைந்துகொண்டிருக்கலாம். பின்வரிசைச் சத்தத்தில் கவனம் சிதறலாம், அல்லது பிழை செய்து ஏளனத்துக்கு ஆளாவதைவிட எழுதாமல் இருப்பதே மேல் என்று அவரே முடிவு செய்திருக்கலாம். இத்தனை காரணங்களும் வெளியே ஒரே தோற்றத்தைத்தான் தருகின்றன. "சோம்பேறி" என்ற சொல் அவை அனைத்தையும் ஒருசேர மறைத்துவிடுகிறது.

எனவே இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேட்டில், நடந்ததை நடந்தபடியே எழுதிவையுங்கள். "கவனம் இல்லை" என்பது முடிவு. "ஐந்து வரிப் பத்தியில் இரண்டாம் வரிக்குப் பின் எழுதுவதை நிறுத்தி, அடுத்தவரின் நோட்டைப் பார்த்தார்" என்பது கவனிப்பு. எந்த நேரம், எந்தப் பாடம், எந்த வகை வேலை, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதையும் குறிக்க வேண்டும். அவர் எளிதாகச் செய்தவற்றை எழுதுவதும் அதே அளவு முக்கியம், ஏனெனில் தடை எங்கே இல்லை என்பது தெரிந்தால்தான் அது எங்கே இருக்கிறது என்பது துலங்கும். வாய்மொழியாகக் கேட்டால் சரியாக விடை சொல்லி, எழுதச் சொன்னால் திணறும் மாணவருக்குப் பாடம் புரியவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வேறெந்த ஐயத்துக்கும் முன்பாகப் பார்வையையும் செவித்திறனையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இந்த எளிய செயல் வியப்பூட்டும் அளவுக்கு அடிக்கடி விடுபட்டுப் போகிறது. நடுக்காதில் நீர் தேங்கும் சிறு குழந்தைகளுக்குச் செவித்திறன் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு நாள் சொன்னதைச் செய்யும் குழந்தை மறுவாரம் பிடிவாதம் பிடிப்பதுபோல் தோன்றுவதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். அதேபோல், சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு எதுவும் நடவாததுபோல் வேலையைத் தொடரும் குழந்தை பகற்கனவு காண்பதாகத் தோன்றலாம். ஒரு நாளில் பலமுறை அவ்வாறு நிகழ்ந்து, பெயர் சொல்லி அழைத்தும் அந்த நொடிகளில் பதில் இல்லையெனில், அது வலிப்பு நோயின் ஒரு வகையாக இருக்க வாய்ப்புண்டு. பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்கச் செய்ய வேண்டும்.

பயிற்று மொழி வீட்டு மொழியாக இல்லாத குழந்தையிடம் கூடுதல் கவனம் தேவை. புதிய மொழியில் தயங்குவது கற்றல் குறைபாடு ஆகாது. வீட்டு மொழியில் அவர் வயதுக்கேற்பக் கதை சொல்கிறாரா, கேட்டதற்கு முழுவாக்கியத்தில் விடை தருகிறாரா என்று பெற்றோரிடம் விசாரித்தால் பெரும்பாலும் தெளிவு கிடைக்கும்.

படி 2: மாணவரிடமும் பெற்றோரிடமும் பேசுங்கள்

மாணவரைப் பற்றி அறிய மாணவரையே கேட்பது கடைசியாகத்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. "எந்த வேலை உனக்கு எளிதாக இருக்கிறது? எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறாய்? நான் என்ன செய்தால் உதவியாக இருக்கும், என்ன செய்தால் பிடிக்காது?" என்ற கேள்விகளை, மற்றவர் காதில் விழாத நேரத்தில், அவசரப்படுத்தாமல் கேட்க வேண்டும். பேச்சு வராத குழந்தை படங்களைச் சுட்டிக் காட்டியோ, தலையசைத்தோ, கருவியின் மூலமோ விடை தரலாம்.

பெற்றோரை அழைக்கும்போது புகாரோடு தொடங்காதீர்கள். குழந்தையிடம் நீங்கள் கண்ட திறமை ஒன்றை முதலில் சொல்லி, பிறகு குறிப்பேட்டில் உள்ள நிகழ்வுகள் இரண்டு மூன்றைப் படித்துக் காட்டி, "வீட்டில் இப்படி நடப்பதுண்டா? அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பல ஆண்டுகளாகக் குழந்தையோடு வாழ்ந்து பெற்ற அறிவு அவர்களுடையது. எந்த ஒலி தாங்காது, எந்த உணவு வேளையில் சிரமம், எதைச் சொன்னால் அழுகை நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆசிரியர் ஒருபோதும் நோயைக் கண்டறிந்து சொல்லக் கூடாது. "உங்கள் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று நினைக்கிறேன்" என்ற ஒரு வாக்கியம், பல மாத நம்பிக்கையை ஒரே நொடியில் முறித்துவிடும். அதைச் சொல்லும் தகுதியும் நமக்கு இல்லை. கண்டதைச் சொல்வதும், வல்லுநரிடம் காட்டப் பரிந்துரைப்பதும் நம் எல்லைக்குள் அடங்கும். பெற்றோர் ஏற்கத் தயங்கினால், அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்துக்கொண்டு, வகுப்பில் உடனே செய்யக்கூடிய மாற்றங்களைத் தொடங்கிவிடலாம். அதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

படி 3: முதலில் பாடத்தைத் திருத்துங்கள்

தனி மாணவருக்கென எதையும் செய்யும் முன், வகுப்பு முழுவதற்குமான பாடத்தை அணுகத்தக்கதாக மாற்ற வேண்டும். இதைச் சரியாகச் செய்தால், தனி உதவி தேவைப்படும் மாணவர்களின் எண்ணிக்கையே குறைந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

கட்டளைகளிலிருந்து தொடங்குவோம். "புத்தகத்தை எடுத்து, 42ஆம் பக்கத்தைத் திறந்து, மூன்றாம் கணக்கைப் படித்து, நோட்டில் தேதி போட்டு, விடையை எழுதுங்கள்" என்பது ஒரே மூச்சில் ஐந்து கட்டளைகள். குறுகிய கால நினைவு வலுவற்ற மாணவர் புத்தகத்தை எடுத்தபின் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றிரண்டாகப் பிரித்துச் சொல்லி, பலகையின் ஓரத்தில் எண்ணிட்டு எழுதி, வேலை முடியும்வரை அழிக்காமல் விட்டுவையுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள்; "முதலில் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பது அடுத்தது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடி அளவுதான் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று நொடிகளாக நீட்டியபோது விடைகள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத மாணவர்களும் பேசினார்கள். மொழியைப் புரிந்துகொள்ளவும் சொற்களைத் தேடவும் கூடுதல் நேரம் தேவைப்படும் மாணவருக்கு மூன்று நொடிகூடக் குறைவு. ஒரு கேள்வியை முன்கூட்டியே அவரிடம் சொல்லி, "சற்று நேரத்தில் இதை உன்னிடம் கேட்பேன்" என்று அறிவித்துவிடலாம்.

புதிய பாடத்தின் முக்கியச் சொற்கள் ஐந்தாறை முந்தைய நாளே படத்தோடும் எளிய பொருளோடும் அறிமுகப்படுத்துங்கள். ஒளிச்சேர்க்கை என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டபடியே அதன் வேதியியலையும் பின்தொடர்வது பலருக்கு இயலாது. இங்கிலாந்தில் 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வேறு காரணம் எதுவும் அறியப்படாத மொழி வளர்ச்சிக் குறைபாடு குழந்தைகளில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கு உண்டு. அதாவது 30 பேர் கொண்ட வகுப்பில் இருவர். இவர்களில் பலர் அமைதியானவர்கள் என்றோ படிப்பில் ஆர்வமற்றவர்கள் என்றோ கருதப்பட்டு, யார் கண்ணிலும் படாமலே வகுப்புகளைக் கடந்துவிடுகிறார்கள்.

கற்றதை வெளிப்படுத்தவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைத் தாருங்கள். வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் அளக்க விரும்புவது வரலாற்று அறிவு என்றால், மாணவர் அதை எழுதினாலும், பேசிப் பதிவு செய்தாலும், காலக்கோடு வரைந்தாலும் அளவீடு கெடாது. ஆனால் மாணவர்களைக் கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்து முத்திரை குத்தும் வழக்கத்துக்குத் தகுந்த ஆய்வுச் சான்று இல்லை. அவ்வாறு பிரிப்பதற்கான படிவங்களை நிரப்பச் செலவிடும் நேரத்தை வேறெதற்கும் பயன்படுத்தலாம்.

படி 4: தடைக்கேற்ற ஏற்பாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

வாசிப்பில் தொடங்குகிறேன், ஏனெனில் மிகுதியான மாணவர்கள் இடறுவது இங்கேதான். டிஸ்லெக்ஸியா என்றால் எழுத்துகள் தலைகீழாகத் தெரிவது என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது சரியன்று. பேச்சின் ஒலிகளைப் பிரித்தறிந்து அவற்றை எழுத்தோடு இணைப்பதில் உள்ள சிரமமே பெரும்பாலும் அதன் வேர். தமிழைப்போல எழுத்துக்கும் ஒலிக்கும் ஓரளவு நிலையான தொடர்புள்ள மொழிகளில், பிழைகளைவிட மிக மெதுவான, களைப்பூட்டும் வாசிப்பே அதன் முதன்மை அடையாளமாக இருக்கும். ஆகவே பிழையின்றி வாசிக்கிறார் என்பதற்காக ஐயத்தைக் கைவிடாமல், எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் பாருங்கள்.

தமிழ் எழுத்து முறைக்கே உரிய இடர்களும் உண்டு. கெ, கே, கை ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு இடப்பக்கம் எழுதப்படுகிறது, ஆனால் ஒலிப்பில் மெய்க்குப் பின்னே வருகிறது. கொ, கோ ஆகியவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. ல, ள, ழ வேறுபாடும், ந, ன, ண வேறுபாடும், ர, ற வேறுபாடும் பலரின் பேச்சில் மங்கிவிட்டதால், காதை மட்டும் நம்பி எழுத இயலாது. பகல், தங்கம், கல் ஆகிய மூன்றிலும் ஒரே ககரம் மூவேறு விதமாக ஒலிக்கிறது. 247 எழுத்துகளையும் மனப்பாடமாக ஒப்பிக்கச் செய்வதைவிட, மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனி அட்டைகளில் தந்து, சேர்த்துப் பிரித்து விளையாடச் செய்வது பயன் தரும். ஒலியைப் பிரித்தறியும் பயிற்சியை நாள்தோறும் பத்து நிமிடம் செய்வது, வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் செய்வதைவிடச் சிறந்தது. இதற்கிடையே மற்றப் பாடங்களில் வாசிப்பு அவரைத் தடுக்காமலிருக்க, பாடத்தை வாசித்துக் காட்டவோ ஒலிவடிவில் தரவோ வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் திடீரென உரக்க வாசிக்கச் சொல்வதைத் தவிருங்கள். வண்ணத் தாள்களையும் வண்ணக் கண்ணாடிகளையும் வாங்கச் சொல்லும் விளம்பரங்களை நம்பிப் பெற்றோரைச் செலவுக்கு ஆளாக்க வேண்டாம். அவற்றுக்கு ஆதரவான சான்றுகள் வலுவற்றவை.

செவித்திறன் குறைந்த மாணவருக்குக் கருவி பொருத்தியதும் சிக்கல் தீர்ந்ததாக எண்ணுவது பெரும் பிழை. கருவி ஆசிரியரின் குரலோடு மின்விசிறி, நாற்காலி, தாழ்வாரம் ஆகியவற்றின் ஓசைகளையும் சேர்த்தே பெருக்குகிறது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போது ஒலியின் அளவு ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும் என்பதால், அருகில் அமர்த்துவது மிக எளிய, செலவில்லாத உதவி. ஆசிரியரின் மேல் ஒளி முன்னிருந்து விழ வேண்டும். சன்னலுக்கு முன்னால் நின்றால் முகம் இருண்டு உதடுகள் தெரியா. பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுவதை விட்டுவிட வேண்டும். பணம், மணம் என்ற இரு சொற்களும் உதட்டில் ஒன்றுபோலவே தோன்றும் என்பதை எண்ணிப் பார்த்தால், உதட்டசைவை மட்டும் நம்பியிருப்பவர் எவ்வளவு ஊகிக்க வேண்டியிருக்கிறது என்பது புரியும். சக மாணவர் சொன்ன விடையை ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொல்வது அவரைக் கலந்துரையாடலுக்குள் வைத்திருக்கும். சைகை மொழியைப் பயன்படுத்துபவருக்கு அது முழுமையான மொழி; அதைத் தெரிந்த ஒருவர் வகுப்பில் இருக்க வேண்டும், மற்ற மாணவர்களும் சிலவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பார்வைத்திறன் குறைந்தவரை முன்வரிசையில் அமர்த்துவது பொதுவாகச் சரி, ஆனால் எப்போதும் அன்று. பார்வைப் பரப்பு குழாய்போல் குறுகியவருக்குச் சற்றுப் பின்னால் இருந்தால்தான் பலகையின் பெரும்பகுதி தெரியும். வெளிச்சம் கூசுபவருக்குச் சன்னலோரம் துன்பம். அவரையே பல இடங்களில் அமர வைத்து, எது வசதி என்று கேளுங்கள். "இங்கே பாருங்கள், இதை அதனோடு கூட்டினால்" என்று சுட்டிப் பேசாமல், எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். பிரெய்ல் வழியில் படிப்பவருக்கான பாடப்பொருளை வெகு முன்னதாகவே அனுப்ப வேண்டும், பாடம் நடந்து முடிந்தபின் வரும் புத்தகத்தால் பயனில்லை. நிறம் பிரித்தறிய இயலாமையையும் இங்கேயே சொல்லிவிடலாம்: வட ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ 12 ஆண்களுக்கு ஒருவருக்கு அது உண்டு, மற்ற மக்களிடத்தில் சற்றுக் குறைவு. பச்சைப் பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதினால் அவருக்கு எதுவும் எழுதப்படாததுபோலத் தோன்றக்கூடும்.

ஆட்டிசம் உள்ள மாணவருக்கு எதிர்பாராமையே மிகப் பெரிய சுமை. அன்றைய நிகழ்ச்சி நிரலைப் படங்களாகவோ சொற்களாகவோ மேசையில் ஒட்டி, முடிந்ததை அடித்துக்கொண்டே வரச் செய்யுங்கள். மாற்றம் ஏதேனும் வருமெனில் முன்கூட்டியே சொல்லுங்கள். மறைபொருளும் கிண்டலும் கலந்த பேச்சு அவரைக் குழப்பும்: "கதவைத் திறக்க முடியுமா?" என்றால் "முடியும்" என்று சொல்லிவிட்டு அமர்ந்திருப்பது எகத்தாளமாக இராது. கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்தாதீர்கள். பலருக்குக் கண்ணைப் பார்த்தால் காது கேட்பது தடைப்படும். விளக்கின் இரைச்சல், உணவுக்கூடத்தின் மணம், ஆடையின் உரசல் போன்றவை பிறருக்குத் தெரியாத அளவில் அவரைத் துன்புறுத்தக்கூடும் என்பதால், சற்று நேரம் ஒதுங்கியிருக்க அமைதியான இடம் ஒன்று பள்ளியில் வேண்டும். அது தண்டனைக்கு அனுப்பும் இடமாக ஒருபோதும் பயன்படக் கூடாது.

ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் கொண்ட நிலை, உள்ளவருக்கு வேலையைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் முடிந்ததும் உடனடியாகக் கருத்துச் சொல்லி, எழுந்து நடக்க முறையான காரணங்களைத் தர வேண்டும். நோட்டுகளை விநியோகிப்பது நல்ல காரணம். எழுதாததற்குத் தண்டனையாக இடைவேளையைப் பறிப்பது, அவருக்கு மிகவும் தேவையான ஒன்றைப் பறிப்பதாகும்.

கைவிரல் இயக்கமும் உடல் ஒருங்கிணைவும் வளர்வதில் சிரமமுள்ள குழந்தைகள் ஏறத்தாழ 5 விழுக்காடு. இவர்களுக்கும் பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கும் பாதங்கள் தரையில் பதியும் இருக்கை, சாய்வான எழுதுபலகை, தட்டச்சு செய்யும் வசதி, எழுதும் அளவைக் குறைத்தல் ஆகியவை உதவும். பேச்சுத் தெளிவில்லாமல் இருப்பதற்கும் அறிவுத்திறனுக்கும் தொடர்பில்லை. வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காமல் அவரே முடிக்கக் காத்திருங்கள். சக்கர நாற்காலி பயன்படுத்துபவருக்குச் சாய்தளம் 1:12 என்ற அளவுக்கு மேல் செங்குத்தாக இருந்தால் பிறர் துணையின்றி ஏறுவது கடினம். சாய்தளம் கட்டிவிட்டுக் கழிப்பறையை மறந்த பள்ளிகளும் இருக்கின்றன. பள்ளி வாயிலிலிருந்து வகுப்பறை, ஆய்வகம், நூலகம், கழிப்பறை, விளையாட்டுத் திடல் வரை முழுப் பாதையையும் ஒருமுறை அவரோடு சேர்ந்தே கடந்து பாருங்கள்.

அறிவுசார் குறைபாடு உள்ள மாணவருக்கு ஒரு பெரிய செயலைச் சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிக்கும் முறை நல்ல பலன் தரும். பையை அடுக்கும் செயலில் மற்ற எல்லாவற்றையும் நீங்கள் செய்து, பையை மூடுவதை மட்டும் அவரிடம் விட்டால், ஒவ்வொரு முறையும் செயலை முடித்த நிறைவு அவருக்கே கிடைக்கும். பிறகு அதற்கு முந்தைய படியை விட்டுக்கொடுங்கள். அவருடைய பாடம் வகுப்பின் பாடத்தோடு ஒரே தலைப்பில் இருக்கட்டும். மற்றவர்கள் எரிமலையைப் படிக்கும்போது அவர் மட்டும் மூலையில் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தால், வகுப்பறைக்குள்ளேயே அவரை வெளியே வைத்திருக்கிறோம் என்றுதான் பொருள்.

வலிப்பு வரக்கூடிய மாணவர் வகுப்பில் இருந்தால், எல்லா ஆசிரியர்களும் முதலுதவியை அறிந்திருக்க வேண்டும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இடிக்கக்கூடிய பொருள்களை அகற்றுங்கள், தலைக்கடியில் மென்மையான எதையேனும் வையுங்கள், அசைவு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடலை அழுத்திப் பிடிக்கவோ, வாயில் எதையும் வைக்கவோ கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

படி 5: ஒரு பக்கத்தில் திட்டம் எழுதுங்கள்

தனிநபர் கல்வித் திட்டம் பல பள்ளிகளில் கோப்பில் உறங்கும் நீண்ட ஆவணமாகிவிடுகிறது. வகுப்பாசிரியர் மேசையில் வைத்திருக்க ஒரு பக்கம் போதும்: மாணவரின் வலிமைகள், தடைகள், எல்லாப் பாடங்களிலும் செய்ய வேண்டிய ஏற்பாடுகள், இப்பருவத்துக்கான இலக்குகள் இரண்டு அல்லது மூன்று, யார் எப்போது என்ன செய்வார், மறுபரிசீலனை நாள். "வாசிப்பில் முன்னேற்றம் காண்பார்" என்பதை இலக்காக எழுதினால் அது எட்டப்பட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. "பருவ முடிவில், முன்பு படித்திராத 50 சொற்கள் கொண்ட பத்தியை, ஐந்து பிழைகளுக்கு மிகாமல் வாசிப்பார்" என்றால் சொல்ல முடியும். தொடக்க நிலை என்ன என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அது இல்லாமல் வளர்ச்சியை அளக்க இயலாது. இலக்குகளில் ஒன்றையாவது மாணவரே தேர்ந்தெடுக்கட்டும்.

படி 6: உதவியாளரைச் சரியாகப் பயன்படுத்துங்கள்

பீட்டர் பிளாச்ஃபோர்ட் தலைமையில் 2003 முதல் 2008 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த பெரிய ஆய்வு, பலருக்கும் அதிர்ச்சி தந்த முடிவை வெளியிட்டது: வகுப்பறை உதவியாளரின் துணையை அதிகம் பெற்ற மாணவர்கள், அவர்களை ஒத்த பிற மாணவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். குற்றம் உதவியாளர்கள் மீதன்று. உதவியாளர் பக்கத்தில் அமர்ந்ததும் ஆசிரியர் அம்மாணவரிடம் பேசுவது குறைந்துபோனதும், வேலையை முடித்துக் காட்டுவதே நோக்கமாக ஆனதும், பாடத்தைப் பற்றி உதவியாளருக்கு முன்கூட்டியே எதுவும் சொல்லப்படாததும் ஆய்வாளர்கள் சுட்டிய காரணங்கள்.

ஆகவே மிகக் கூடுதல் தேவையுள்ள மாணவரோடு ஆசிரியரே வாரத்தில் பலமுறை அமர வேண்டும். அந்த நேரத்தில் உதவியாளர் மற்ற வகுப்பைச் சுற்றிவரலாம். உதவியாளர் முதலில் எதுவும் செய்யாமல் காத்திருக்க வேண்டும்; பிறகு "அடுத்து என்ன?" என்று கேட்க வேண்டும், அதற்கும் வழியில்லையெனில் ஒரு குறிப்புத் தரலாம், பிறகு செய்து காட்டலாம். மாணவரின் கையைப் பிடித்து எழுதுவிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. தந்த உதவியைப் படிப்படியாக விலக்கிக்கொள்ளும் திட்டம் இல்லாத உதவி, நாளடைவில் மாணவரைப் பிறரைச் சார்ந்திருக்கவே பழக்கும்.

படி 7: நடத்தைக்கு முன்னும் பின்னும் பாருங்கள்

மேசையைத் தட்டுதல், ஓடிப்போதல், கத்துதல் ஆகியவை நிகழும்போது, அதற்கு முன் என்ன நடந்தது, நடத்தை என்ன, அதன்பின் மாணவருக்குக் கிடைத்தது என்ன என்ற மூன்றையும் எழுதுங்கள். எழுத்து வேலை தொடங்கும்போதெல்லாம் சத்தம் போட்டு, வெளியே அனுப்பப்படுபவர், எழுத்து வேலையிலிருந்து தப்பிக்கும் வழியைக் கண்டுகொண்டிருக்கிறார்; வெளியே அனுப்பும் தண்டனை அவருக்குப் பரிசாகவே அமைகிறது. அவர் "எனக்கு உதவி வேண்டும்" என்று காட்ட ஓர் அட்டையைத் தந்து, அதை உயர்த்தியதும் உடனே உதவினால், கத்துவதற்கான தேவை குறையும். உணர்வு கரைபுரண்டு தன்னிலை இழந்த நேரத்தில் அறிவுரை எதுவும் உள்ளே போகாது. குரலைத் தாழ்த்தி, சொற்களைக் குறைத்து, மற்றவர்களை விலக்கி, அமைதி திரும்பும்வரை காத்திருப்பது மட்டுமே அப்போது செய்யத்தக்கது.

படி 8: சக மாணவர்களை இணைத்துக்கொள்ளுங்கள்

வகுப்பு நேரத்தைவிட இடைவேளையில்தான் தனிமையும் கேலியும் மிகுதி. மேற்பார்வை குறைந்த இடங்களான கழிப்பறை வாசல், மாடிப்படி, பேருந்து ஆகியவற்றில் யார் கண்காணிக்கிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். ஒரே மாணவரை நிரந்தர "உதவித் தோழன்" ஆக்குவது இருவருக்கும் நல்லதன்று. சுழற்சி முறையில் பலர் பங்கேற்கட்டும், உதவி பெறுபவரும் ஏதேனும் ஒன்றில் உதவி தருபவராக இருக்கட்டும். மாணவரின் குறைபாட்டைப் பற்றி வகுப்பில் பேசுவதென்றால், அவரும் பெற்றோரும் விரும்பினால் மட்டும், அவர்கள் ஒப்பிய சொற்களிலேயே பேச வேண்டும்.

படி 9: தேர்வு ஏற்பாட்டை ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள்

கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், பெரிய எழுத்து வினாத்தாள், தனி அறை, இடையில் ஓய்வு, கணினி ஆகியவை பொதுவாக வழங்கப்படும் ஏற்பாடுகள். எது அளக்கப்படுகிறது என்பதே இங்கு அளவுகோல். அறிவியல் தேர்வில் வினாவை வாசித்துக் காட்டுவது நியாயம், ஏனெனில் அங்கே அளக்கப்படுவது அறிவியல். வாசிப்புத் திறனையே அளக்கும் தேர்வில் அது பொருந்தாது. தேர்வு நடத்தும் அமைப்பின் விதிகளையும் விண்ணப்பக் கடைசி நாளையும் பள்ளி ஆண்டின் முதல் மாதத்திலேயே கேட்டறிந்து, மருத்துவச் சான்றுகளைப் பெற்றோரிடம் நினைவூட்டுங்கள். தேர்வறையில் முதன்முதலாகச் சொல்வதை எழுதுபவரைச் சந்திக்கும் மாணவர் தடுமாறுவார். நிறுத்தக்குறியைச் சொல்வது, கணக்கின் இடைப்படிகளைச் சொல்வது, எழுதியதைத் திருப்பி வாசிக்கக் கேட்பது என்பவையெல்லாம் பழகிக் கற்க வேண்டிய திறமைகள். எனவே வகுப்புத் தேர்வுகளிலும் அதே ஏற்பாடு நடைமுறையில் இருக்க வேண்டும்.

படி 10: மறுபரிசீலனை செய்து, அடுத்த ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்

ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை, ஒரு பக்கத் திட்டத்தை எடுத்துவைத்து, தொடக்க நிலையோடு இன்றைய நிலையை ஒப்பிடுங்கள். முன்னேற்றம் இருந்தால், எந்த உதவியைக் குறைக்கலாம் என்று பாருங்கள். இல்லையெனில், ஏற்பாடு உண்மையிலேயே நடைபெற்றதா என்பதை முதலில் விசாரியுங்கள். நாள்தோறும் பத்து நிமிடம் என்று எழுதப்பட்ட பயிற்சி, ஆசிரியர் விடுப்பிலும் பள்ளி விழாக்களிலும் கரைந்துபோயிருப்பது வழக்கம். நடைபெற்றும் பயனில்லையெனில், முறையை மாற்ற வேண்டும். இரண்டு மூன்று சுற்றுகளுக்குப் பின்னும் மாற்றமில்லை என்றால், சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர் ஆகியோரில் உரியவரிடம் அனுப்ப வேண்டும். அப்போது உங்கள் குறிப்பேடும் திட்டப் பக்கங்களும் அவருக்குப் பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

வகுப்பு மாறும்போது இதுவரை சேர்த்த அறிவு முழுவதும் தொலைந்துபோவதே பள்ளிகளில் மிகுதியாக நடக்கும் இழப்பு. ஆண்டு முடிவதற்கு முன் அடுத்த ஆசிரியரோடு அரைமணி நேரம் அமர்ந்து, எது பயன் தந்தது என்பதைப் போலவே எது பயன் தரவில்லை என்பதையும் சொல்லுங்கள்; இல்லையெனில் அவர் அதே தோல்வியிலிருந்து மீண்டும் தொடங்குவார். மாற்றத்தை அஞ்சும் மாணவர் புதிய வகுப்பறையையும் புதிய ஆசிரியரையும் விடுமுறைக்கு முன்பே ஓரிரு முறை பார்த்துவிட்டு வரட்டும். அவற்றின் படங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் விடுமுறையில் பெற்றோர் காட்டிப் பழக்குவார்கள். தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய வயதை எட்டிய மாணவராயின், புதிய ஆசிரியருக்கான பக்கத்தின் முதல் பாதியை அவரே எழுதவோ சொல்லி எழுதுவிக்கவோ செய்து, ஒப்படைக்கும் கூட்டத்திலும் அவரை உடன் அமர்த்துங்கள்.